கடைசி வரி ஏன் பெருத்தது?

அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி ஜன்னல் வழியா வீசியிருப்பேன். பக்கத்துல டீச்சர் உட்கார்ந்திருந்தாங்க, அதனால அது பிழைச்சுது.

"இன்னொரு தடவை முதல்லேர்ந்து படி"ன்னாங்க.

"படிச்சுப் படிச்சு வாய் வலிக்குது டீச்சர். இனிமே நானே போய் லிஃப்ட் ரிப்பேர் பண்ணலாம் போலிருக்கு."

"நல்லதுதானே. துப்பறியத்தான் வரல, அதாவது வரட்டும்."

டீச்சர்னா பாடம் எடுக்கிற டீச்சர் இல்ல. ஒரு காலத்துல பள்ளிக்கூட மைதானத்துல விசில் ஊதி பசங்களை ஓட விட்டவங்க. வயித்துவலி, கால் சுளுக்குன்னு சொல்லி நழுவுற மூஞ்சிகளைப் பார்த்துப் பார்த்தே பொய்யை மோப்பம் பிடிக்கக் கத்துக்கிட்டாங்க. வேலையை விட்டதும் துப்பறிய வந்துட்டாங்க. அவங்களுக்கு உதவியாளர், டிரைவர், கோபம் வந்தா திட்டு வாங்கிக்கிற ஆள், எல்லாம் நான்தான்.

சாதாரணமா எந்த கேஸா இருந்தாலும் எனக்கு வாய் சும்மா இருக்காது. இதுல சிரிப்பே வரல. மாட்டிக்கிட்டது என் அக்கா புருஷன்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஏழு மாடிக் கட்டடம் ஒண்ணுல லிஃப்ட் சத்தம் போடுதுன்னு புகார் வந்து, மத்தியானம் போய்ப் பார்த்துட்டு வந்தார். அன்னிக்கு ராத்திரி ஏழாவது மாடியில குடியிருக்கிற தையல்கார அம்மா லிஃப்ட்லேர்ந்து வெளிய கால் எடுத்து வைக்கும்போது, கதவு திறந்தபடியே லிஃப்ட் சரசரன்னு கீழ இறங்கிடுச்சு. கால் முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கிறாங்க. பிரேக் தேய்ஞ்சு போயிருந்ததாம்.

"பிரேக் தேய்ஞ்சிருக்கு, ஓட்டக்கூடாதுன்னு நான் எழுதினேன்"ங்கறார் அத்தான். கம்பெனிக் குறிப்புல அப்படி ஒரு வரியே இல்ல.

இந்தக் கம்பெனியில ஒரு கூத்து உண்டு. லிஃப்டை நிறுத்துற அதிகாரம் மெக்கானிக்குக்குக் கிடையாது. நிறுத்தினா குடியிருக்கிறவங்க சட்டையைப் பிடிக்கிறாங்கன்னு யாரோ ஒரு புண்ணியவான் விதியை மாத்திட்டார். மெக்கானிக் குறிப்பு எழுதணும். ஆபீஸ்ல ஃபோன் எடுக்கிற அம்மா சாயந்தரம் கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாக் குறிப்பையும் படிச்சு, கட்டடத்துக்கு ஃபோன் போட்டு நிறுத்தச் சொல்லணும். ஆக, எழுதினாத்தான் லிஃப்ட் நிக்கும். எழுதலைன்னா அத்தான் குற்றவாளி. நாளைக்குக் காலையில பாதுகாப்பு அதிகாரி விசாரிக்கிறார். லைசென்ஸ் போச்சுன்னா போச்சு. அத்தானுக்கு வேற வேலை தெரியாது.

"மறுபடி சொல்லும்மா. இந்தக் குறிப்பு எப்படிப் பதிவாகுது?" டீச்சர் எதிர்ல இருந்த பொண்ணைக் கேட்டாங்க.

அந்தப் பொண்ணுதான் இந்த ஏற்பாட்டையே செஞ்சது. வேலைக்குச் சேர்ந்து ரொம்ப நாள் ஆகல. நகத்தைக் கடிச்சுக் கடிச்சு விரலே பாதியாப் போயிருந்தது.

"ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு குறிப்புக் கோப்பு இருக்கு மேடம். மார்க்டவுன்ல இருக்கும். மெக்கானிக் ஃபோன்லேர்ந்து ஒரு மெசேஜ் அனுப்பினா போதும், என்னோட கருவி அதை எடுத்து அந்த லிஃப்டோட கோப்புல கடைசியில சேர்த்துடும். ஆபீஸ்ல எல்லாரும் அதைச் சேர்ப்பான்னு கூப்பிடுவாங்க."

"மார்க்டவுன்னா?" நான் கேட்டேன்.

"சாதாரண எழுத்துதான் சார். நடுநடுவுல சின்னச் சின்னக் குறி போடுவோம். படிக்கிற பக்கத்துல அந்தக் குறி தெரியாது. அதுக்குப் பதிலா எழுத்து தலைப்பாவோ பட்டியலாவோ மாறித் தெரியும்."

"சேர்ப்பான் எதையாவது சேர்க்காம முழுங்கினது உண்டா?"

"இதுவரைக்கும் இல்ல. ஆனா இல்லைன்னு நிரூபிக்கவும் முடியல. அது சேர்த்துட்டு மறந்துடும். எதைச் சேர்த்தோம்னு தனியாக் கணக்கு வெச்சுக்காது." சொல்லும்போதே குரல் உள்ள போயிடுச்சு.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ள வந்தார். சட்டைப்பையில மூணு பேனா. ஒண்ணாலயாவது ஏதாவது எழுதியிருப்பாரான்னு சந்தேகம்.

"விஷயம் ரொம்ப சிம்பிள்"ன்னார். "ஒண்ணு, இவரோட அத்தான் எழுதவே இல்ல. இல்லையா, இந்தப் பொண்ணோட சேர்ப்பான் சாப்பிட்டுடுச்சு. நாளைக்கு ரெண்டுல ஒருத்தர் வீட்டுக்குப் போகணும். யார் போனாலும் எனக்கு ஒண்ணுதான்."

"மூணாவதா ஒருத்தர் போனா?"ன்னு கேட்டேன்.

"யாரு?"

"ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம் சார்."

டீச்சர் மேசைக்கு அடியில என் காலை மிதிச்சாங்க. மேனேஜர் ஒரு மாதிரியாப் பார்த்துட்டுத் தன் அறைக்குப் போயிட்டார். எனக்கு அப்பவே முடிவாயிடுச்சு. கம்பெனி பேர் கெடக்கூடாதுன்னு அத்தான் எழுதினதை அழிச்சது இந்த ஆள்தான். கையும் களவுமாப் பிடிக்கிறது மட்டும்தான் பாக்கி.

பாக்கி அவ்வளவு லேசா இல்ல. மறுபடி குறிப்பைப் படிச்சேன். எண்ணெய் மாத்தினேன், கதவு ரப்பர் மாத்தினேன், விளக்கு மாத்தினேன். எல்லா வரியும் தலைப்பு மாதிரி கொட்டை எழுத்துல வந்து கண்ணைக் குத்துச்சு.

"இவங்க எல்லாம் சாதாரணமாவே பேச மாட்டாங்களா? விளக்கு மாத்தினதைக் கூட மைக் வெச்சுத்தான் சொல்லணுமா?"

பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிச்சு. "அது என் தப்பு சார். சேர்ப்பான் புதுசா ஒண்ணு சேர்க்கிறதுக்கு முன்னாடி, பழசையும் புதுசையும் பிரிக்க ஒரு கோடு போடும். நடுவுல ஒரு வரி காலியா விடணும், விட மறந்துட்டேன். மார்க்டவுன்ல ஒரு வரியை ஒட்டி அடியில கோடு வந்தா, மேல இருக்கிற வரி தலைப்புன்னு அர்த்தம். அதனால அது பெருத்துடும். கோடு கண்ணுக்குத் தெரியாது. ஆபீஸே இதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கொல்லுது. குண்டு வரின்னு பேர் வெச்சுட்டாங்க."

"சரி பண்ண வேண்டியதுதானே?"

"பண்றேன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன் சார். வேற வேலை வந்துக்கிட்டே இருக்கு."

கோபத்துல வேற ஏதோ ஒரு லிஃப்டோட குறிப்பைத் திறந்தேன். அதுலயும் குண்டு வரிகள். கடைசி வரி மட்டும் ஒல்லியா இருந்தது. இன்னொண்ணு திறந்தேன். அங்கயும் கடைசி வரி ஒல்லி. இன்னொண்ணு. அதேதான்.

திரும்ப அத்தானோட லிஃப்டுக்கு வந்தேன். கடைசி வரி, போன மாசம் அத்தானே எழுதினது: 'எல்லாம் சரியாக உள்ளது. லிஃப்ட் ஓட்டலாம்.' அது நல்லா கொழுகொழுன்னு இருந்தது.

"டீச்சர்."

"என்ன?"

"இது ஏன் குண்டா இருக்கு?"

"இப்பத்தானே அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

"கீழ புதுசா ஒண்ணு சேர்ந்தாத்தான் மேல இருக்கிறது பெருக்கும். இதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லையே. அப்புறம் எப்படிப் பெருத்துச்சு?"

பொண்ணு நகத்தை வாயிலேர்ந்து எடுத்துட்டு, கோப்பைத் திருத்துற பக்கத்துல திறந்துச்சு. அங்க குறியெல்லாம் அப்படியே தெரியும். 'லிஃப்ட் ஓட்டலாம்'ங்கற வரிக்கு அடியில ஒரு கோடு தனியாக் கிடந்தது. கோட்டுக்கு அடியில வெறும் வெள்ளை.

"சேர்ப்பான் கோடு போட்டிருக்கு"ன்னு சொல்லும்போது பொண்ணுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "போன மாசத்துக்கு அப்புறம் ஏதோ சேர்த்திருக்கு. யாரோ அதை மட்டும் அழிச்சிருக்காங்க."

நான் நாற்காலியை விட்டு எழுந்துட்டேன். அத்தான் எழுதியிருக்கார். எழுதினது நிஜம். இந்த ஆபீஸ்ல எவனோ அழிச்சிருக்கான். ஓடிப்போய் அக்காவுக்கு ஃபோன் பண்ணணும்னு கை பரபரத்துச்சு.

"டீச்சர், பாராட்டணும்னா இப்பவே பாராட்டிடுங்க. அப்புறம் கூச்சமாயிடும்."

டீச்சர் பாராட்டல. என் மூஞ்சியைக் கூடப் பார்க்கல. "சும்மா ஆளுக்கு ஒரு சோதனைக் கோப்பு தயார் பண்ணும்மா. அதுல சேர்ப்பானை வெச்சு ரெண்டு வரி சேர்க்கச் சொல்லு. மேனேஜரையும், அந்த ஃபோன் எடுக்கிற அம்மாவையும் கூப்பிடு"ன்னாங்க.

வந்தாங்க. "கடைசியாச் சேர்ந்ததை அழிங்க, அவ்வளவுதான்"ன்னாங்க டீச்சர்.

ஃபோன் எடுக்கிற அம்மா கம்ப்யூட்டர்ல திருத்துற பக்கத்தைத் திறந்தாங்க. கடைசி வரியை அழிச்சாங்க. அதுக்கு மேல கிடந்த கோட்டைப் பார்த்ததும், "இந்தச் சனியனாலதான் எல்லாம் ஊதிப் போகுது"ன்னு அதையும் சேர்த்து அழிச்சாங்க. மேனேஜர் உட்கார்ந்தார். வரியை அழிக்கிறதுக்கு முன்னாடியே கோட்டை அழிச்சார். கோட்டு மேல அந்த ஆளுக்கு அப்படி ஒரு வெறுப்பு. பொண்ணும் அதேதான் பண்ணுச்சு.

"ஆபீஸ்ல வேற யாராவது?"

"வேற யாருக்கும் திருத்துற அனுமதி கிடையாது மேடம்."

"மெக்கானிக்குகளுக்கு?"

"அவங்களுக்கு ஃபோன்ல உண்டு. ஆனா ஃபோன்ல படிக்கிற பக்கம் மட்டும்தான். அழிக்கணும்னா, ஒரு பத்தி மேல விரலை அழுத்திப் பிடிச்சா அழிக்கட்டுமான்னு கேட்கும்." பொண்ணு சொல்லிக்கிட்டே வந்து பாதியில நிறுத்திடுச்சு.

டீச்சர் எழுந்து பையைத் தோள்ல மாட்டினாங்க. "வண்டியை எடு."

"எங்க?"

"உங்க அக்கா வீட்டுக்கு."

"நல்ல சேதியை நேர்லயே சொல்லிடலாம்ங்கறீங்களா?"

வண்டியில பாதி வழி வரைக்கும் நான்தான் பேசிக்கிட்டு வந்தேன். மேனேஜரை எப்படி மடக்கலாம், எந்தக் கேள்வியை முதல்ல கேட்கலாம்னு. சிக்னல்ல நின்னப்போ டீச்சர் மெதுவாக் கேட்டாங்க.

"ஆபீஸ்ல யார் அழிச்சிருந்தாலும் கோடு மிஞ்சியிருக்குமா?"

"மிஞ்சியிருக்காது. அவங்கதான் அதைக் கண்டாலே அழிக்கிறாங்களே."

"கோட்டைப் பார்க்க முடியாத ஒருத்தர் அழிச்சாத்தான் கோடு மிஞ்சும். ஃபோன்ல இருந்து. அந்தக் கட்டடத்து லிஃப்ட் யாரோட ஃபோன்ல வரும்?"

பச்சை விழுந்துடுச்சு. பின்னாடி வண்டிக்காரங்க ஹாரன் அடிச்சுத் தீர்த்தாங்க. எனக்குக் கியர் எங்க இருக்குன்னே தெரியல. அவங்கவங்க பார்க்கிற லிஃப்ட் அவங்கவங்க ஃபோன்ல மட்டும்தான் வரும். அந்தக் கட்டடம் அத்தானோடது.

கண்டுபிடிச்சது நான். பாராட்டச் சொல்லிக் கேட்டதும் நான். என்னை நானே நாலு அறை விடலாம் போல இருந்துச்சு.

அக்கா வீட்டுக் கூடத்துல அத்தான் தரையில உட்கார்ந்து, பக்கத்து வீட்டு இஸ்திரிப் பெட்டியைப் பிரிச்சுப் போட்டு ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்தார். நாளைக்குச் சோறு போற நிலைமை, இன்னிக்கு ஊரான் இஸ்திரிப் பெட்டி. யாராவது கேட்டா இந்த மனுஷனுக்கு இல்லைன்னு சொல்ல வாய் வராது.

"ஏதாவது தெரிஞ்சுதாடா?" அக்கா சமையல்கட்டு வாசல்ல நின்னு கேட்டா. கையில பாதி நறுக்கின வெங்காயம்.

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் அத்தான் எதிர்லயே தரையில உட்கார்ந்தாங்க.

"நீங்க எழுதினது நிஜம். கண்டுபிடிச்சுட்டோம்."

அத்தான் முகத்துல சந்தோஷமே வரல. ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வெச்சார்.

"அழிச்சதும் நீங்கதானே?"

அக்கா, "என்ன உளர்றாங்க இவங்க?"ன்னு என்னைக் கேட்டா. நான் சுவத்தைப் பார்த்தேன்.

அத்தான் இஸ்திரிப் பெட்டிக்கிட்ட பேசுற மாதிரி பேசினார்.

"எழுதிட்டு, கருவியெல்லாம் பைக்குள்ள போட்டுட்டு இருந்தேன். அந்தத் தையல்கார அம்மா வந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கை. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியில டாக்டரைப் பார்க்க முறை கொடுத்திருக்கு, இதை விட்டா மறுபடி எப்பக் கிடைக்கும்னே தெரியாது, லிஃப்ட் நின்னா இவரை எப்படித் தம்பி இறக்குவேன்னு அழுதாங்க. நாளைக்குக் காலையில ஒரு தடவை இறக்கிட்டு நிறுத்திக்கோங்கன்னாங்க. காலையிலயே பிரேக் சாமானோட வந்துடலாம், ஒரு ராத்திரிதானேன்னு நினைச்சேன். அழிச்சுட்டேன்." ஸ்க்ரூ ஒண்ணை எடுத்து உருட்டினார். "கடைசியில அது அவங்க தலையிலயே விடிஞ்சுடுச்சு."

"அந்தம்மா இதை யார்கிட்டயும் சொல்லலையே?"ன்னாங்க டீச்சர்.

"ஆஸ்பத்திரியில பார்க்கப் போனேன். நான் கேட்டதால வந்த வினை, உங்களைக் காட்டிக் கொடுக்க மாட்டேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. "எழுதினேன் எழுதினேன்னு எங்க எல்லாரையும் அலைய விட்டீங்களே அத்தான். அங்க ஒரு சின்னப் பொண்ணு வேலை போகப் போகுதுன்னு விரலைத் தின்னுக்கிட்டு உட்கார்ந்திருக்கு."

"எழுதினது பொய் இல்லையேடா."

"பாதி சொன்னா அது என்னவாம்?"

அக்கா வெங்காயத்தைத் தட்டுல வெச்சா, முந்தானையில கையைத் துடைச்சா. கத்தப் போறான்னு நினைச்சேன். கத்தல.

"அந்தாளை இறக்கத்தானே லிஃப்ட் வேணும்? உங்களுக்கு ரெண்டு தோள் இருக்கு. இவனுக்கு ரெண்டு இருக்கு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவனைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேனே. ஒரு நாற்காலியில உட்கார வெச்சுத் தூக்கியிருக்கக் கூடாதா?"

"தோணல"ன்னார் அத்தான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.

"சரி"ன்னா அக்கா. "லிஃப்டுக்குத்தான் சீல் வெச்சுட்டாங்க. பொண்டாட்டி ஆஸ்பத்திரியில. அந்த மனுஷனை யார் பார்க்கிறாங்க?"

எங்க யாருக்கும் தெரியல. ரெண்டு நாளாத் துப்பறியறோம், இந்தக் கேள்வி டீச்சருக்கும் வரல, எனக்கும் வரல.

மறுநாள் விடிஞ்சதும் அந்தக் கட்டடத்துல நின்னோம். பக்கத்து வீட்டுக்காரங்க மாத்தி மாத்திக் கஞ்சி கொடுத்துட்டு இருந்தாங்க. தவறிப்போன முறையை ஆஸ்பத்திரியில கெஞ்சிக் கூத்தாடி டீச்சர் அன்னிக்குக் காலைக்கே வாங்கி வெச்சிருந்தாங்க. மர நாற்காலியில அவரை உட்கார வெச்சு, அக்காவோட பழைய புடவையால கட்டி, முன்னாடி அத்தான், பின்னாடி நான்.

மனுஷன் எலும்பும் தோலுமாத்தான் இருந்தார். ஆனாலும் நாலாவது மாடி வர்றதுக்குள்ள எனக்கு முட்டி கழண்டுடுச்சு. டீச்சர் முன்னாடி இறங்கிக்கிட்டே, "இடது, வலது"ன்னு பழைய ஞாபகத்துல சொல்லிக்கிட்டு வந்தாங்க. நான் அவங்களைப் பார்த்த பார்வையில ரெண்டாவது மாடியில நிறுத்திட்டாங்க.

"லிஃப்ட் எப்பத் தம்பி சரியாகும்?"னு அவர் கேட்டார். அவருக்கு எதுவுமே தெரியாது. அத்தான், "சீக்கிரம் ஆயிடும் சார்"ன்னார். அக்கா அவரோட ஆஸ்பத்திரிக்குப் போனா. நாங்க விசாரணைக்குப் போனோம்.

சின்ன அறை. பாதுகாப்பு அதிகாரி, மேனேஜர், அந்தப் பொண்ணு, நாங்க. அத்தானோட லைசென்ஸ் அதிகாரி முன்னாடி கிடந்தது.

"எச்சரிக்கை எழுதினீங்களா?"

"எழுதினேன் சார்."

பொண்ணு எழுந்து கோட்டைப் பத்திச் சொல்லுச்சு. குண்டு வரியைக் காட்டுச்சு. அதுவும் பாதியோட நிறுத்திடுச்சு, ஃபோனைப் பத்திப் பேசவே இல்ல. என்னைப் பார்த்துட்டு உட்கார்ந்துடுச்சு. அதிகாரி கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு ரெண்டு தடவை பார்த்தார். மேனேஜர் முகம் தொங்கிப் போச்சு.

"சரி. இவர் தன் கடமையைச் செஞ்சிருக்கார். அழிச்சது யார்னு கம்பெனிதான் பதில் சொல்லணும்"ன்னு சொல்லிட்டு, லைசென்ஸை அத்தான் பக்கமா நகர்த்தினார்.

முடிஞ்சது. எடுத்துக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். உண்மையைச் சொல்லணும்னா, மேசைக்கு அடியில அத்தானோட முழங்காலை நான் அமுக்கிப் பிடிச்சேன். டீச்சர் அதைப் பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லல.

அத்தான் என் கையை எடுத்து என் மடியிலயே வெச்சார்.

"அழிச்சதும் நான்தான் சார்"ன்னார். அப்புறம் முழுசாச் சொன்னார். எழுதினது, அந்தம்மா அழுதது, அழிச்சது, வரிசை மாறாம. அந்தம்மா மேல தப்பு வர்ற மாதிரி ஒரு வார்த்தை கூடச் சொல்லல.

அதிகாரி லைசென்ஸைத் திரும்ப எடுத்துக் கோப்புக்குள்ள வெச்சார். பொண்ணு குனிஞ்ச தலை நிமிரல, ஆனா அழுதுக்கிட்டு இருந்துச்சு. மேனேஜர் முதல் தடவையா ஒரு பேனாவை எடுத்து எதையோ எழுத ஆரம்பிச்சார்.

வெளிய வந்து படியில உட்கார்ந்தோம். எனக்கு யார் மேல கோபப்படறதுன்னே தெரியல. சேர்ப்பான் மேலயா, அந்த விதியை மாத்தின புண்ணியவான் மேலயா, டீச்சர் மேலயா, குண்டு வரியைக் கண்டுபிடிச்ச என் கண்ணு மேலயா.

"இனிமே என்ன அத்தான் பண்ணப் போறீங்க?"

அத்தான் தோளைத் தேய்ச்சுக்கிட்டார்.

"சாயந்தரம் அவரைத் திரும்ப மேல ஏத்தணும்டா"ன்னார். "வர்றியா?"